அப்பாவுடன் கேரவனில் பூர்வீகம் தேடிப் போவது எப்படி?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், இராயபுரம் பகுதிகளில் மூன்று நான்கு தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் பலவற்றில், பாட்டனாரோ பூட்டனாரோ புறப்பட்டு வந்த ஊரின் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்த ஊரில் எந்தத் தெரு, யாருக்குப் பங்காளி, எதற்காகக் கிளம்பினார் என்பதெல்லாம் மங்கிவிட்டன. வயதான தந்தையையோ தாயையோ அழைத்துக்கொண்டு, படுக்கையும் கழிப்பறையும் உள்ள கேரவன் வண்டியில் அந்த ஊர்களைத் தேடிப் போக எண்ணுவோர் முதலில் வண்டியை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். வண்டி கடைசி வேலை. தேடலில் பாதியை வடசென்னையிலேயே முடிக்கலாம், அதை முடிக்காமல் கிளம்பினால், “நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை?” என்று ஊரார் கேட்கும் முதல் கேள்விக்கே விடையில்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

வீட்டுப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். 1996இல் மூடப்பட்ட பின்னி துணி ஆலையிலோ, துறைமுகத்திலோ, பெரம்பூர் ரயில்வே பணிமனையிலோ முன்னோர் வேலை பார்த்திருந்தால், பணிப்பதிவேட்டிலும் வருங்கால வைப்புநிதித் தாள்களிலும் சொந்த ஊரும் வட்டமும் எழுதப்பட்டிருக்க வாய்ப்புண்டு. அதில் ‘வட ஆற்காடு மாவட்டம்’ என்றிருந்தால் அவசரப்பட்டு வேலூர் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அம்மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாயின. அதற்கெல்லாம் முன்பு, 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகிவிட்டதால், உங்கள் ஊர் இன்று ஆந்திராவில் இருக்கவும் கூடும்.

அரசு ஆவணங்களைவிட என் கணிப்பில் மதிப்பு மிக்கவை இரண்டு உண்டு. இரண்டையும் பலர் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். ஒன்று, கல்யாண மொய் நோட்டு: மொய் எழுதியவரின் பெயருக்கு முன்னால் அவருடைய ஊர் இருக்கும், உறவுமுறையும் சில சமயம் இருக்கும், ஒரே ஊர் பலமுறை வந்தால் அங்கே நெருங்கிய சொந்தம் இருக்கிறது என்று பொருள். மற்றொன்று, கருமாதிப் பத்திரிகை: இறந்தவரின் மகன்கள், மகள்கள், மருமக்கள், சம்பந்திகள் எனக் குடும்பம் முழுவதும் ஒரே தாளில் அடங்கிவிடும். பெண்வழியைத் தேடுவோருக்கு இவ்விரண்டையும் விட்டால் ஆதாரம் குறைவு. ஏனெனில் பட்டாவிலும் பத்திரத்திலும் பாட்டியின் பிறந்த ஊர் வருவது அரிது. எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குப் பெண் கொடுத்தார்கள் என்று அப்பாவிடம் தனியே ஒரு பட்டியல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கிறித்தவக் குடும்பங்களுக்கு வழி சற்று எளிது. இராயபுரம் புனித பேதுரு ஆலயம் போன்ற பழைய தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும், காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் அடக்கப் பதிவேட்டையும் முறைப்படி கேட்டுப் பார்க்கலாம்.

ஆண்டுகளைக் கணிப்பதில் பொறுமை வேண்டும். ஜாதகத்தில் ‘விய வருஷம், ஆடி மாதம்’ என்றிருந்தால் அது 1946ஆம் ஆண்டாக இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் 1886ஆகவும் இருக்கலாம். எந்தத் தலைமுறை என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். ஜாதகமே இல்லாத இடத்தில் ஊரறிந்த நிகழ்ச்சிகளைச் சொல்லிக் கேளுங்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று 1942இல் சென்னையை விட்டு மக்கள் வெளியேறினார்களே, அப்போது நம் வீட்டார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேட்டால் போதும்: அபாயக் காலத்தில் தஞ்சம் புகுந்த ஊர் பெரும்பாலும் பூர்வீக ஊராகவோ பாட்டியின் தாய்வீடாகவோ இருக்கும். ‘தாது வருஷப் பஞ்சத்தில் வந்தவர்கள்’ என்று வீட்டில் வழங்கினால், அது 1876-78இன் பெரும் பஞ்சம்.

அடுத்தது நிலப் பத்திரங்கள். பழைய கிரயப் பத்திரத்தில் ‘பிதுரார்ஜிதம்’ (தந்தைவழி வந்த சொத்து) என்ற சொல் இருந்தால், அதைச் சுற்றித் தந்தை பெயரும் பாட்டனார் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டியது செக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம். பாகப்பிரிவினையில் பிரிந்த நிலங்கள் அடுத்தடுத்து அமைவதால், வடக்கிலும் தெற்கிலும் உள்ள நிலங்களின் சொந்தக்காரர்கள் பல சமயம் பங்காளிகளே. பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும். எனவே ஒவ்வொரு பெயருக்கும் தகப்பனார் பெயரையும் பத்திரத்தின் ஆண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய வருவாய்த்துறை ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. ஊரின் பெயரும் வட்டமும் உறுதியான பிறகு அங்கே போவதே பயனுள்ளது.

இனி வண்டி. வயதானவரோடு போகும்போது கேரவனின் முதன்மையான பயன், உள்ளே கழிப்பறை இருப்பதும், மதிய வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க முடிவதும்தான். நீரிழிவோ புராஸ்டேட் தொந்தரவோ உள்ள தந்தை, வழியில் கழிப்பறை கிடைக்காது என்ற அச்சத்தில் தண்ணீர் குடிக்காமலே வருவார். அந்த அச்சம் நீங்கினாலே முகம் தெளிந்து பேசத் தொடங்குவார். ஆகவே வண்டியைப் பார்க்கும்போது தொலைக்காட்சியையும் சோபாவையும் விட்டுவிட்டு, படிக்கட்டின் உயரம், கைப்பிடி, கழிப்பறையின் அகலம், இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி ஆகியவற்றை அப்பாவையே ஏறி இறங்கச் சொல்லிச் சோதியுங்கள். ஓட்டுநரோடு வாடகைக்கு வரும் வண்டிக்கு மஞ்சள் நம்பர் பலகையும், நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தும் இருக்க வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் இலகுரக வாகன உரிமமே போதும். சொந்த வேனைக் கேரவனாக மாற்றுவதானால் ஆர்டிஓ அலுவலக ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளுக்குள் இந்த வண்டியைக் கொண்டுவர முயல வேண்டாம். மாதவரம் பக்கம் நிறுத்தச் சொல்லி, அதுவரை ஆட்டோவில் போய் ஏறிக்கொண்டு, வெளிவட்டச் சாலை வழியாகப் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிப்பது நல்லது. எண்ணூர் பக்கத்து கன்டெய்னர் லாரி நெரிசலில் சிக்கினால் முதல் நாளே அப்பா களைத்துவிடுவார். ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்பது என் அறிவுரை. இராயபுரத்திலிருந்து 1856 ஜூலை 1 அன்று முதல் ரயில் வாலாஜா வரை போன தடத்தை ஒட்டிய அரக்கோணம், சோளிங்கர் பகுதிகளில் உங்கள் ஊர் இருந்தால் பயணம் மிகவும் சுருங்கிவிடும்.

குலதெய்வக் கோயிலிலிருந்து தொடங்குவது பலருக்குக் கைகொடுக்கும். அங்கே வரி கட்டும் குடும்பங்களின் பட்டியல் பூசாரியிடமோ நாட்டாண்மையிடமோ இருப்பதுண்டு. ஆனால் குலதெய்வம் படவேடு ரேணுகாம்பாள், பெரியபாளையத்தம்மன் போன்ற பெரிய கோயிலாக இருந்தால் ஆடி மாதத்திலும், மேல்மலையனூர் அங்காளம்மனாக இருந்தால் அமாவாசையன்றும் போகாதீர்கள். அந்தக் கூட்டத்தில் யாரிடமும் விசாரிக்க முடியாது. இரவில் பெட்ரோல் பங்கிலோ கோயில் வாகன நிறுத்தத்திலோ அனுமதி கேட்டு நிறுத்துங்கள். தெருவில் தாழத் தொங்கும் மின்கம்பிகளையும் திருவிழா வளைவுகளையும் கருதி, ஊர் எல்லையிலேயே வண்டியை விட்டு நடந்து போவது நல்லது.

நடந்து போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெரிய வண்டியில் வந்திறங்கி, பட்டா எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டனாரின் பெயரைக் கேட்பவரைக் கண்டால், பாகம் கேட்க வந்திருக்கிறார்கள் என்றே ஊரில் நினைப்பார்கள். தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் 1989 முதல் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கும், 2005 முதல் எல்லா மகள்களுக்கும் சம உரிமை உண்டு என்பதால், அத்தைகளை உடன் அழைத்துப் போனால் அந்த ஐயம் இன்னும் வலுக்கும். எனவே முதல் சந்திப்பில் பத்திரங்களை வண்டியிலேயே விட்டுவிட்டு, பழைய புகைப்படங்களையும் மொய் நோட்டையும் மட்டும் கொண்டுபோங்கள். “சொத்துக்காக வரவில்லை, சொந்தம் தெரிந்துகொள்ள வந்தோம்” என்பதை அப்பாவின் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்.

சில தந்தையர் ஊருக்குள் நுழையவே தயங்குவார்கள். ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை தேடி வந்தவர்களில் பலர், ஊரின் சாதிக் கொடுமையிலிருந்து தப்பி வந்தவர்கள். எந்தத் தெருவில் நம் வீடு இருந்தது என்ற கேள்வி அவர்களுக்கு வெறும் முகவரிக் கேள்வியன்று. அப்படியானால் வற்புறுத்தாமல், ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, அவர் விரும்பிச் சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பேச்சைப் பதிவு செய்வதற்கு ஏற்ற நேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பொழுது. அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஊர், தேதி, பேசுபவர் யார் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். பெயர்களை அன்றிரவே காகிதத்தில் எழுதி அப்பாவிடம் திருத்தி வாங்குங்கள். சென்னை திரும்பியபின் வம்சாவளிப் படத்தைத் தெளிவாக வரைந்து, பேசி உதவிய பங்காளிகளுக்கு ஆளுக்கொரு பிரதியைத் தபாலில் அனுப்புங்கள். விடுபட்ட பெயர்களை அவர்களே போன் செய்து சொல்வார்கள்.