மென்பொருளைக் கூறு போட்டு விற்கும்போது செய்யக்கூடாதவை

பாம்பனில் மீன் விற்கும் அம்மாக்கள் நான்கு நகரை மீன், ஒரு கைப்பிடி காரல், கண்ணில் படும்படி மேலே ஒரு சங்கரா என்று கூறு போடுவார்கள். சங்கராவை மட்டும் கேட்டால் தரமாட்டார்கள். பல மென்பொருள்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்பதும் இதுதான். மண்டபம், தொண்டிப் பக்கம் மீன் வியாபாரிகளுக்கும் படகு உரிமையாளர்களுக்கும் மென்பொருள் விற்கிறேன். இதில் நிறையத் தவறியிருக்கிறேன்.

பெரிய தவறு, விலைபோகாததைத் தள்ளிவிடக் கூறு போடுவது. யாரும் சீந்தாத கருவாட்டு இருப்புக் கணக்கு மென்பொருளை, ரசீது போடும் பில்லிங் மென்பொருளோடு ஒட்டி விலையை ஏற்றினேன். ஒரு வியாபாரி விலைப்பட்டியலில் விரலை வைத்து, "தம்பி, எனக்கு வேண்டாததற்கு இதில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பில்லிங்கையும் அவர் வாங்கவில்லை.

கூறு எப்போது பலிக்கும்? வியாபாரி பில்லிங்குக்கு 8,000 ரூபாயும் படகுக் கணக்கு மென்பொருளுக்கு 3,000 ரூபாயும் தருவார். படகுக்காரர் நேர்மாறாகத் தருவார் என்று வையுங்கள். தனித்தனியே 8,000 என்றால் ஆளுக்கு ஒன்றுதான் போகும், மொத்தம் 16,000. சேர்த்து 11,000 என்றால் இருவருமே வாங்குவார்கள், 22,000. ஒருவர் இரண்டுக்கும் தலா 8,000, மற்றவர் இரண்டுக்கும் தலா 3,000 தருவார் என்றால் சேர்த்து விற்பதால் ஒரு பைசாவும் கூடாது. பின்னாளில் அமெரிக்க நிதியமைச்சரான ஜேனட் யெல்லன், ஆடம்ஸ் என்பவருடன் சேர்ந்து 1976-இல் அலசிய கணக்கு இது. வாடிக்கையாளர்களின் தேவை எதிரெதிராக இருக்கிறதா என்று பாராமல் கூறு போடாதீர்கள்.

இன்னொரு பிரதிக்குச் செலவில்லை என்று எதையும் சேர்ப்பதும் தவறு. பிரதிக்குச் செலவில்லைதான், அதைச் சொல்லிக்கொடுக்கத் தொண்டிவரை பஸ் ஏறிப் போகிறவருக்குச் சம்பளம் உண்டு.

தனியாக வாங்கும் வழியையும் அடைக்காதீர்கள். அலுவலகத்தில் குழுவாகப் பேசிக்கொள்ளும் டீம்ஸை, வேர்ட், எக்செல் அடங்கிய ஆஃபீஸோடு சேர்த்துத் தந்த மைக்ரோசாஃப்ட் மீது டீம்ஸுக்குப் போட்டியான ஸ்லாக் நிறுவனம் 2020-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2024-இல் உலகெங்கும் அவற்றைப் பிரித்து விற்கவேண்டி வந்தது.

நம் கரைக்கே உரிய தவறும் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நாட்டுப்படகு மீனை நம்பி வியாபாரம் மெல்ல நடக்கும். அப்போதும் முழுக் கூறுக்கும் மாதக் கட்டணம் கேட்டேன். ஓடாத படகுக்கு எதற்குக் கணக்கு என்று கோபப்பட்டவர்கள் பில்லிங்கையும் சேர்த்தே நிறுத்திவிட்டார்கள். இப்போது ஏப்ரல் 15 வந்தால் படகுக் கணக்கின் கட்டணத்தை நானே நிறுத்திவிடுகிறேன். பில்லிங்குக்கு மட்டும் ரசீது போகிறது.