ஒரே மாதிரி தெரியும் கோரைகளைப் பிரித்தறிவது எப்படி?

களை எடுக்கும்போது "எல்லாம் கோரைதான்" என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறோம். ஆனால் ஒரு கோரை பிடுங்கினால் அதோடு போய்விடும். இன்னொன்று பிடுங்கப் பிடுங்கப் பெருகும். எது எது என்று தெரியாமல் கூலி கொடுத்து எடுத்துவிட்டு, பத்தே நாளில் திரும்ப முளைத்ததைப் பார்த்து நொந்துபோகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு பிளேடு, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சின்ன லென்ஸ், ஒரு களைக்கொத்து, இவ்வளவு போதும். பூத்த செடியாகத் தேர்ந்தெடுங்கள். பூக்காத கோரைக்குப் பெயர் சொல்வது பழகியவர்களுக்கே கஷ்டம். உயரத்தை நம்ப வேண்டாம். ஒரே இனம் ஈரமான வயலில் முழங்கால் உயரத்துக்கு வளரும், காய்ந்த வரப்பில் ஒரு சாணோடு நின்றுவிடும்.

முதல் படி: தண்டை உருட்டிப் பாருங்கள்

பூங்கொத்துக்கு ஒரு சாண் கீழே தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். சரியாக உருளாமல் மூன்று விளிம்புகள் விரலில் இடறினால் அது கோரைக் குடும்பம். பிளேடால் குறுக்கே வெட்டினால் முக்கோணம் தெளிவாகத் தெரியும். அப்புறம் விரலை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். கரும்பில் இருப்பதுபோல் கணு தட்டுப்பட்டால் அது புல். நாணல் அந்த வகைதான். இலைகளையும் பாருங்கள்: கோரையில் மூன்று திசையில் கிளம்பும், புல்லில் இரண்டே திசை.

சம்பு இந்த இரண்டிலும் சேராது. வார் போன்ற நீண்ட இலை, உள்ளே பஞ்சுபோல் காற்றறைகள், உச்சியில் கம்பங்கதிர் மாதிரி பழுப்பு உருளை. ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கோரைக் குடும்பத்திலேயே சிலவற்றுக்குத் தண்டு உருண்டை. ஏரியில் இலையே இல்லாமல் பச்சைக் குழாய்களாக நிற்கும் எலியோகாரிஸ் டல்சிஸ் அப்படி ஒன்று. அதன் தண்டை நசுக்கினால் உள்ளே இருக்கும் குறுக்குத் தடுப்புகள் 'டிக் டிக்' என்று உடையும். நுனியில் ஒரே ஒரு கதிர். கோரை மாதிரியே தெரிந்தாலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த, உருண்டைத் தண்டுக்குப் பேர்போன ஜங்கஸ் இனங்களைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிச் சதுப்புகளுக்குப் போக வேண்டும். லென்ஸில் பார்த்தால் அந்தப் பூவில் ஆறு குட்டி இதழ்கள் இருக்கும்; கோரைப் பூவில் இதழே கிடையாது.

இரண்டாம் படி: வேரோடு தோண்டுங்கள்

இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். இழுத்துப் பிடுங்கக் கூடாது. இழுத்தால் முக்கியமான அடையாளம் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிடும். களைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் கொத்தி, மண்கட்டியோடு தூக்கித் தண்ணீரில் அலசுங்கள்.

தண்டின் அடி தடித்து, அதிலிருந்து கம்பிபோல் ஓடும் வேர்த்தண்டில் கருப்புத் தோல் போர்த்த கிழங்குகள் சரம் சரமாகக் கோத்திருந்தால் அது கோரைக்கிழங்கு, சைப்பிரஸ் ரொட்டண்டஸ். ஒன்றை நறுக்கி முகர்ந்து பாருங்கள்: உள்ளே வெள்ளை, நல்ல வாசனை. நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்பது இதைத்தான். மேலே பிடுங்கினால் அறுந்து நிற்கும் ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகிவிடும். பிடுங்கப் பிடுங்கப் பெருகுவது இதுதான்.

கிழங்கே இல்லாமல் மெல்லிய வேர்க்கொத்து மட்டும் வந்தால் அது பெரும்பாலும் விதையில் முளைக்கும் ஒருபருவக் கோரை. வேர் மஞ்சள் கலந்த சிவப்பாக இருந்தால் ஊசிக்கோரையாக இருக்கலாம். உறுதி செய்ய பூவுக்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: பூங்கொத்து

கோரைக்கிழங்கின் கதிர்கள் செம்பழுப்பு. தட்டையாக, நீளமாக இருக்கும். ஊசிக்கோரை, அதாவது சைப்பிரஸ் இரியா, பொன்மஞ்சள்; சின்னச் சின்னக் கதிர்கள் காம்பு நெடுக இடைவெளி விட்டு நிற்கும். வட்டக்கோரை என்கிற சைப்பிரஸ் டிஃபார்மிஸ் பெயருக்கேற்ற மாதிரி உருண்டை. நுணுக்கமான கதிர்கள் நெருக்கியடித்து, சுண்டைக்காய் அளவு பந்துகளாக இருக்கும். தண்டும் மெத்தென்று இருக்கும், அழுத்தினால் அமுங்கும். ஊருக்கு ஊர் பெயர் மாறும், அதனால் உருவத்தை மனதில் வையுங்கள்.

இந்த இரண்டு ஒருபருவக் கோரைகளையும் பூ முற்றி விதை கொட்டுவதற்குள் எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வட்டக்கோரை முளைத்து ஒன்று ஒன்றரை மாதத்துக்குள் விதை போட்டுவிடும், தள்ளிப்போடாதீர்கள்.

நெல் வயலில் இன்னொரு கோரையும் குழப்பும்: ஃபிம்பிரிஸ்டைலிஸ் மிலியேசியா. அதன் அடி இலைகள் விசிறி மடித்ததுபோல் ஒரே தளத்தில் தட்டையாக விரியும். கதிர்கள் கடுகளவு செம்பழுப்பு மணிகள். விசிறியைப் பார்த்தாலே போதும், மேலே தேட வேண்டாம்.

எல்லாக் கோரையும் களை என்று சொல்லிவிட முடியாது. பத்தமடைப் பாய் நெய்வதும் ஒரு கோரையில்தான். சங்கப் பாடலில் சிறுமிகள் வைத்து விளையாடும் பஞ்சாய்ப் பாவையும் கோரையில் செய்ததே. நீர்க்கரையில் நிற்பதை அடையாளம் பார்க்காமல் அழித்துவிடாதீர்கள்.

பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, அடையாளம் கண்ட செடியைக் கிழங்கோடு பழைய செய்தித்தாளுக்குள் விரித்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி வையுங்கள். முதல் சில நாள் தாளை மாற்றுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். எந்த ஊர், எந்த வயல், என்ன தேதி என்று தாளின் ஓரத்திலேயே எழுதுங்கள். கதிரின் நிறத்தைப் பறித்த அன்றைக்கே குறித்துவிடுங்கள். காய்ந்தபின் பொன்மஞ்சளும் செம்பழுப்பும் ஒன்றுபோல் மங்கிவிடும்.