நெப்ராஸ்காவின் பழைய புகைப்படங்களை ஆராய்வது எப்படி?

1886-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், சாலமன் பட்சர் என்பவர் வண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு கஸ்டர் கவுண்டி என்ற மாவட்டத்தைச் சுற்றக் கிளம்பினார். புதிதாகக் குடியேறியவர்களை அவரவர் வீட்டு வாசலிலேயே நிறுத்திப் படமெடுத்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்கள் சேர்ந்தன. பழைய படங்களை ஆராயப் பழகுபவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இந்தத் தொகுப்பைத்தான்.

படி 1: பெரிய படக்கோப்பைப் பதிவிறக்குங்கள்

அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் பட்சரின் பெயரைத் தேடுங்கள். டவுன்லோடு பட்டியலில் டிஃப் (TIFF) என்ற தரம் குறையாத படக்கோப்பு இருந்தால் அதையே எடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரதியைப் பெரிதாக்கினால் புள்ளிகள்தான் மிஞ்சும்.

படி 2: பொருட்களிலிருந்து தொடங்குங்கள்

முகங்களுக்குப் பிறகு வரலாம். 1886-இல் எடுத்த ராடிங் குடும்பத்தின் படத்தைத் திறங்கள். வாசலில் மேசை, அதன்மேல் தர்பூசணி. கூரைமேல் ஒரு மாடு நிற்பதுபோல் இருக்கும். வீட்டை மேட்டுச் சரிவோடு ஒட்டிக் கட்டியிருப்பதால் வந்த தோற்றம் அது. சுவரைப் பெரிதாக்குங்கள். புல்வேரோடு ஏர் உழுது பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். மரமே அரிதான புல்வெளியில் வேறு வழியில்லை. குடியேறுபவர்களுக்கு அரசு நிலம் தந்த 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் சொந்தமாக வேண்டுமென்றால் பொதுவாக ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர்செய்தாக வேண்டியிருந்தது.

அடுத்து ஹில்டன் குடும்பத்தின் படம். திறந்தவெளியில் ஆர்கன் என்ற இசைப்பெட்டி, சுற்றிலும் குடும்பம், பின்னால் கால்நடைகள், வீட்டை மட்டும் காணோம். மண்வீட்டில் வாழ்வது கிழக்கே இருக்கும் தெரிந்தவர்களுக்குத் தெரியக்கூடாது என்று அந்த வீட்டம்மா நினைத்ததால், ஆர்கனை வெளியே தூக்கிவந்து படமெடுத்தார்கள். அதனால் எந்தப் படத்திலும், எதை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள், எதை மறைத்திருக்கிறார்கள் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய பெருமையும் கூச்சமும் அங்கேதான் பிடிபடும்.

படி 3: நடிப்பா என்று பாருங்கள்

முகத்தை மூடிய ஆட்கள் பண்ணை வேலியை வெட்டும் படம் ஒன்று உண்டு. சம்பவம் 1885-இல் நடந்தது. படமோ பிற்பாடு நடித்துக் காட்டி எடுத்தது. கேமராவுக்காகவே நிற்பதுபோல் எல்லோரும் கச்சிதமாக அமைந்திருந்தால், தலைப்பில் உள்ள ஆண்டை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

படி 4: தலைநகரப் படத்துக்கு ஆண்டு கணியுங்கள்

1867-இல் நெப்ராஸ்கா மாநிலமானதும், லங்காஸ்டர் என்ற சிற்றூர் லிங்கன் என்ற பெயரோடு தலைநகரானது. அங்கே எடுத்த படங்களில் சட்டமன்றக் கட்டடத்தைத் தேடுங்கள். 1868-இல் எழுந்த முதல் கட்டடம் மட்டமான சுண்ணாம்புக்கல்லால் சீக்கிரமே உதிரத் தொடங்கியது. பெரிய குவிமாடம் தெரிந்தால் அது 1888-இல் முடிந்த இரண்டாவது கட்டடம். இப்போதுள்ள மூன்றாவது கட்டடத்தின் 400 அடிக் கோபுரம் முழுதாக நின்றால் படம் 1930-க்கு முந்தையதாக இருக்காது.

படி 5: எழுதி வையுங்கள்

ஒற்றை ஆண்டாக எழுதாமல் "1888-க்குப் பின், 1930-க்கு முன்" என்பதுபோல் எழுதி, எந்தத் தடயத்தால் அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.