விளையாட்டு உலகங்கள் உயிரற்றுப் போவது எதனால்?

திருநெல்வேலிச் சீமையை வீடியோ கேமாக உருவாக்க முனையும் இளைஞர்கள் பெரும்பாலும் நிலப்பரப்பின் அளவிலிருந்தே தொடங்குகிறார்கள். பொதிகை மலை முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணியை முழுதாக வரைந்துவிட்டால் உலகம் தானே உயிர்பெற்றுவிடும் என்று நம்புவது முதல் தவறு. 1999இல் வெளியான ‘ஷென்மூ’ என்ற வீடியோ கேம் ஜப்பானின் யோகோசுகா நகரில் சில தெருக்களையே பெரிதும் காட்டியது. அங்கே கடைகள் நேரத்துக்குத் திறந்து மூடியதும், மக்கள் தத்தம் வேலைக்குப் போய்வந்ததும் அந்தச் சிறிய இடத்தை நம்பவைத்தன.

இதைவிடப் பெரிய தவறு, மழையை வெறும் அலங்காரமாக்குவது. திரையில் துளிகள் விழுகின்றன, தரை மினுங்குகிறது, அதன்பின் எதுவுமே மாறுவதில்லை. உண்மையில், ஜூன் மாதத்தில் பாளையங்கோட்டையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேற்கு மலையில் பெய்யும் மழையால் ஆற்றில் நீர் கூடும். பாபநாசம் அணையின் நீர் இருப்பைப் பொறுத்துக் கால்வாய்கள் திறக்கப்பட்டால்தான் கார் பருவ நெல் சாகுபடி தொடங்கும். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் பெருகினால் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கும். அதற்கு முன்பே உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு சேர்ப்பார்கள். ஆற்றின் நீர்மட்டம் என்ற ஒரே மாறும் அளவோடு படித்துறையில் குளிப்பவர்கள், வயலில் நடவு, கோயிலின் அன்றாட வேலைகள் ஆகிய மூன்றையும் பிணைத்துவிட்டால், விளையாடுபவர், தன்னைச் சாராத காரணங்களால் இவ்வுலகம் இயங்குகிறது என்பதை யாரும் சொல்லாமலே உணர்வார். ஆயிரம் மரங்களை நட்டாலும் இந்த உணர்வு வராது என்பது என் உறுதியான கருத்து.

ஒலியிலும் கவனம் வேண்டும். தேரி எனப்படும் மணல்மேட்டின் செம்மணலிலும் ஆற்றங்கரைக் கல்படியிலும் ஒரே காலடி ஓசை கேட்டால் நிலத்தின் வேறுபாடு கண்ணோடு நின்றுவிடும்.

பேச்சில் நேரும் பிழை இன்னும் உறுத்துகிறது. நெல்லை என்றாலே எல்லோரும் எல்லோரையும் ‘ஏலே’ என்று அழைப்பதாகக் காட்டுகிறார்கள். கூட்டாளியை அப்படி விளிக்கும் இளைஞன் மூத்த கடைக்காரரிடம் ‘அண்ணாச்சி’ என்றே பேசுவான். உறவையும் வயதையும் பார்த்து வசனம் எழுதவேண்டும்.

இவற்றையெல்லாம் அறிந்தவர்கள்கூட, ஒவ்வொரு பாத்திரத்தையும் எந்நேரமும் முழுமையாக இயக்க முயன்று கணினியைத் திணறடிக்கிறார்கள். விளையாடுபவர் பாளையங்கோட்டையில் இருக்கும்போது அம்பாசமுத்திரத்தில் நாற்று நடுபவர்களின் ஒவ்வொரு அசைவையும் கணக்கிடத் தேவையில்லை. அவர் அங்கே சென்று சேரும் வேளையில், நேர அட்டவணையையும் நீர்மட்டத்தையும் பார்த்து, யார் எந்த வயலில் எவ்வளவு நட்டு முடித்திருப்பார்கள் என்று முடிவுசெய்தால் போதும்.