பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டால் போதுமா? ஆய்வேட்டைச் சோதிக்கும் முறை

பெங்களூரில் பிஎச்.டி. முடிக்கப்போகிறவர்களிடம் முதலில் எழும் கேள்வி, "எத்தனை பர்சன்ட் வந்துச்சு?" ஆய்வேட்டில் எவ்வளவு பகுதி பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் எண் அது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி இந்த ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைத் தர முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து.

இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சுருக்கம், கருதுகோள், கண்டறிந்தவை, முடிவுரை, பரிந்துரை ஆகியவற்றில் ஒற்றுமையே இருக்கக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. பொதுவான, தற்செயலான சொற்களுக்கு, அதுவும் தொடர்ச்சியாக 14 சொல் வரைதான் விலக்கு. மொத்தம் 6 சதவீதம்தான், ஆனால் எல்லாமே முடிவுரையில் என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

பதிவேற்றும் முன் நூலகரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கோப்பு அந்த மென்பொருளின் களஞ்சியத்தில் சேமிக்கப்படுமா? வரைவு அங்கே தங்கிவிட்டால், இறுதிப் பிரதி உங்கள் வரைவோடேயே ஒத்துப்போய் 90 சதவீதத்துக்கு மேல்கூடக் காட்டக்கூடும். சேமிக்காத அமைப்பில் ஓட்டச் சொல்லுங்கள். நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, மூலம் காட்டிய மேற்கோள்கள் கணக்கில் வராதபடி விலக்கச் சொல்லுங்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் எண்ணை விட்டுவிட்டு வண்ணமிட்ட வரிகளைப் பாருங்கள். ஆய்வு முறை அத்தியாயத்தில் கருவியின் பெயர், வேதிப்பொருள் அளவு ஒத்துப்போனால் பெரிய கவலையில்லை. பத்தியில் இங்கொரு சொல் அங்கொரு சொல் மட்டும் நிறம் மாறாமல் இருந்தால்தான் வில்லங்கம்: ஒருவர் வாக்கியத்தை எடுத்துச் சொல்லை மட்டும் மாற்றியதன் அடையாளம் அது. "கழிவுநீரிலுள்ள சோப்புப் பொருள்களே பெல்லந்தூர் ஏரி நுரைக்கக் காரணம்" என்பதை "பெல்லந்தூர் ஏரி நுரைப்பதற்குச் சாக்கடை நீரின் சலவைப் பொருள்களே காரணம்" என்று திருப்பிப்போட்டால் அது உங்கள் வாக்கியமாகாது. மூலத்தை மூடிவைத்து, அது உங்கள் வாதத்துக்கு ஏன் தேவை என்று எழுதி, சான்றும் கொடுங்கள். மூலம் காட்டாவிட்டால், எப்படி மாற்றி எழுதினாலும் திருட்டுதான்.

சொல்மாற்று மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' (செயற்கை நுண்ணறிவு) என்பதை 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' (போலி உணர்வு) என்று ஆக்கிய கட்டுரைகள் அந்தச் சொற்களாலேயே பிடிபட்டன.

தமிழ் மூலங்களை ஆங்கில ஆய்வேட்டில் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். மொழிபெயர்த்த பத்தியை மென்பொருள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மூலத்தைப் படித்த தேர்வாளர் கண்டுபிடித்துவிடுவார். மொழிபெயர்ப்பு உங்களுடையது என்றும் பக்க எண்ணையும் அங்கேயே குறிப்பிடுங்கள். ஆய்வேடே தமிழில் என்றால் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப், சோதிக்கும் மென்பொருளுக்கு வெறும் குப்பை எழுத்தாகத் தெரியும். அதில் வரும் 0 சதவீதத்துக்கு மதிப்பே இல்லை.

ஏற்கெனவே வெளியான உங்கள் கட்டுரை அத்தியாயமாக வருகிறதா? இதழ், ஆண்டு, இணை ஆசிரியர் விவரத்தை அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே போட்டு, பதிப்பாளர் அனுமதி தேவையா என்று பார்த்து, வழிகாட்டியின் சான்றிதழையும் அறிக்கையோடு இணைத்துவிடுங்கள்.