மேல் பெர்த்தில் ஒற்றையாள் ஆட்டம்

எங்கள் குடும்பச் சுற்றுலா என்றால் ஒன்பது பேர். அதில் காலை நாலு மணிக்கே கண் விழிப்பவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எழுந்து, காப்பி குடித்து, குளித்துக் கிளம்ப ஒன்பது ஆகிவிடும். விளக்கைப் போட்டால் கொழுந்தனார் புரண்டு புரண்டு படுப்பார். செல்போனை நோண்டினால் பகலில் படம் எடுக்கச் சார்ஜ் இருக்காது. இப்படித்தான் தனியாக ஆடும் ஆட்டங்களைப் பையில் போட்டுக்கொண்டு போகிற வழக்கம் வந்தது.

முதல் பாடம் தில்லிப் பயணத்தில் கிடைத்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் நடுவில் ஒரு முழுப் பகலும் போக வேண்டும். பிரைன்விட்டா பலகையைக் கோலிக்குண்டுகளோடு எடுத்துப் போயிருந்தேன். விடிவதற்கு முன் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. 32 கோலிகளில் பாதி பெட்டி முழுக்க ஓடின. கீழே யாரோ "என்னம்மா அது?" என்று எழுந்து உட்கார்ந்தார். விடிந்ததும் தேடி எடுத்ததில் 29 தேறியது. முப்பதாவதை டீ விற்கிறவர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்றிலிருந்து எந்த ஆட்டத்தை எடுத்துவைத்தாலும் இரண்டு கேள்வி கேட்பேன். உருளுமா? பாதியில் விட்டுவிட்டுப் போக முடியுமா? எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். பயணத்தில் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். டிடிஇ வருவார், சாப்பாடு வரும், குழந்தைக்குப் பாத்ரூம் வரும். "இதோ முடியப்போகுது" என்று சொல்ல வைக்கிற ஆட்டம் வீட்டிலேயே இருக்கட்டும்.

இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் ஒரு சாதாரணச் சீட்டுக்கட்டு. பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். வெறும் காகிதக் கட்டு கடற்காற்றில் ஊறி, ராமேஸ்வரத்தில் இரண்டாம் நாளே அப்பளம்போல வளைந்துவிட்டது. அகலம் குறைந்த 57 மில்லிமீட்டர் சீட்டு பெண்கள் கைக்கு வசதி.

எல்லோருக்கும் தெரிந்த சாலிட்டேர், அதுதான் 1990ல் விண்டோஸ் 3.0 உடன் வந்து பல அலுவலகங்களின் மதியங்களைத் தின்ற ஆட்டம், பயணத்துக்கு உதவாது. ஏழு வரிசையை நெருக்கி வைத்தாலே 40 சென்டிமீட்டர் வேண்டும். பெர்த்தில் அவ்வளவு சமதளம் ஏது? அதற்குப் பதில் கையிலேயே ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. மேசையே வேண்டாம், படுத்துக்கொண்டும் ஆடலாம்.

கட்டைக் கலைத்து, முகம் கீழே பார்க்க இடது கையில் பிடியுங்கள். அடியிலிருந்து ஒரு சீட்டை உருவி, முகம் தெரியும்படி மேலே வையுங்கள். இப்படியே நாலு சீட்டு. நாலின் ஓரமும் தெரியும் அளவுக்குச் சற்றே விசிறிக்கொள்ளுங்கள். இப்போது கடைசியாக வைத்ததையும் அதிலிருந்து பின்னோக்கி நாலாவதையும் பாருங்கள். இரண்டும் ஒரே எண் அல்லது ஒரே படம் என்றால் நாலையும் எடுத்துவிடலாம். எண் வேறாக இருந்து குறி மட்டும் ஒன்றானால், அதாவது இரண்டும் ஆடுதன் அல்லது இரண்டும் இஸ்பேட் என்றால், நடுவில் உள்ள இரண்டை மட்டும் எடுக்க வேண்டும். எதுவும் பொருந்தவில்லையா, அடியிலிருந்து இன்னொன்றை உருவி, மறுபடியும் கடைசி நாலைப் பாருங்கள்.

சீட்டை எடுத்த பிறகும் கடைசி நாலை மறுபடி பார்க்க மறக்காதீர்கள். பழைய சீட்டுகள் முன்னே வந்திருக்கும். சில சமயம் ஒன்று விழுந்து, அதனால் அடுத்தது விழுந்து, சரசரவென்று பத்துப் பன்னிரண்டு சீட்டு போகும். ஆட்டத்தின் ருசியே அதுதான். எடுத்ததை நைட்டிப் பையிலோ தலையணைக்கு அடியிலோ தள்ளிவிடலாம். அடிக்கட்டு தீர்ந்ததும் கையில் மிஞ்சியதுதான் உங்கள் கணக்கு. ஒன்றும் மிஞ்சாமல் நான் முடித்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். பத்துக்குள் வந்தாலே சந்தோஷம். யாராவது கூப்பிட்டால் அப்படியே ரப்பர் பேண்ட் போட்டு வைத்துவிட்டுப் போங்கள், வந்து தொடரலாம்.

சீட்டில் ஒரு தொல்லை, பகலில் எடுத்தால் எதிர் இருக்கைக்காரர் "ரம்மி போடலாமா?" என்பார். குடும்பத்தோடு வந்தவரென்றால் சரி என்பேன். காசு வைக்கலாம் என்றால் எனக்கு உடனே தூக்கம் வந்துவிடும்.

அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது "அத்தை, இது உங்களுக்கே செஞ்சது மாதிரி இருக்கு" என்று பாம் ஐலண்ட் என்ற ஆட்டத்தைக் கொடுத்தான். ஒருவர் ஆட 17 சீட்டே போதும், அதுவும் உள்ளங்கையிலேயே திருப்பியும் புரட்டியும் ஆடுவது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சீட்டு தொலைந்தால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. சாதாரணக் கட்டென்றால் அடுத்த ஸ்டேஷனில் புதிது வாங்கிக்கொள்ளலாம்.

பகலில் எனக்கு யாட்ஸி. பரமபத, லூடோ டப்பாக்களிலிருந்து ஐந்து டைஸ், ஒரு நோட்டு, ஒரு பென்சில். ஒரு முறைக்கு மூன்று தடவை வரை உருட்டலாம், வேண்டியதை நிறுத்திவைத்து மற்றதை மட்டும் மறுபடி உருட்டலாம். முறைக்கு ஒன்றாக நோட்டில் 13 கட்டங்களை மதிப்பெண்ணால் நிரப்பினால் ஆட்டம் முடிந்தது. ஒன்று முதல் ஆறு வரையான மேல் கட்டங்களில் 63 சேர்த்தால் 35 கூடுதல். ஒவ்வோர் எண்ணிலும் மூன்று விழுந்தால் சரியாக 63 வரும், அதைக் குறிவைத்தே ஆடுங்கள். டிபன் பாக்ஸ் மூடிக்குள் கைக்குட்டையை விரித்து அதில் உருட்டினால் சத்தமும் இல்லை, ஓடவும் ஓடாது. மதிப்பெண்ணோடு ஊர்ப்பெயரையும் எழுதுங்கள். என் நோட்டில் "நாக்பூர் 231, போபால் 174" என்று இருக்கிறது. போபாலில் ஏன் அவ்வளவு மோசம் என்று கேட்டால், அங்கே வாங்கிய சமோசாவைத்தான் சொல்ல வேண்டும்.

பிரைன்விட்டாவையும் நான் விட்டுவிடவில்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தெர்மாகோல் துண்டில் 33 துளை குத்தி, பல் குச்சிகளைப் பாதியாக ஒடித்து 32 துளையில் செருகிவிட்டேன். நடுத்துளை காலி. கவிழ்த்தாலும் விழாது. ஒன்றை ஒன்று தாண்டி, தாண்டப்பட்டதை எடுக்க வேண்டும், கடைசி ஒன்று நடுவில் நிற்க வேண்டும். நாலு புற நீட்சிகளையும் முதலில் காலி செய்துகொண்டு உள்ளே வாருங்கள். ஓரத்தில் ஒன்றைத் தனியாக விட்டுவிட்டால் அது அங்கேயே நின்று உங்களை முறைக்கும்.

விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஆச்சி சொல்லித்தந்த சீதைப் பாண்டி. அசோக வனத்தில் சீதை தனியாக ஆடியதாம். பல்லாங்குழிப் பலகையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், பழைய துண்டில் பதினாலு வட்டம் தைத்து வைத்திருக்கிறேன். 28 புளியங்கொட்டை ஒரு சுருக்குப் பையில். அடுத்தடுத்த ஏழு குழிகளில் 7, 6, 5, 4, 3, 2, 1 என்று வையுங்கள். ஏழு உள்ளதை எடுத்து அடுத்த ஏழு குழிகளில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒரு குழி தள்ளி மறுபடியும் அதே 7, 6, 5, 4, 3, 2, 1! பதினாலு முறை போட்டால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். கணக்கு குலைந்தால் எங்கோ ஒரு கொட்டையைத் தவறவிட்டிருக்கிறீர்கள். வெற்றி தோல்வி இல்லாத இதையும் ஆட்டம் என்பதா என்று மகன் கேட்பான். காத்திருக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? சாலிட்டேரில் ஏழு வரிசையாகப் போடும் சீட்டும் இதே 28தான் என்பது ஒருநாள் நாலரை மணிக்குத்தான் உறைத்தது.

கன்னியாகுமரிக் கரையில் துண்டுகூடத் தேவைப்படவில்லை, மணலில் குழி, சிப்பிகள் காய்.

எதையும் எடுக்கக் கூடாத இடங்களும் உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில் குனிந்து சீட்டைப் பார்த்தால் காலைச் சாப்பாடு வெளியே வந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் 46 கிலோமீட்டர் மலை ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து சீட்டாடுகிறவரைக் கண்டால் அந்த இடத்தை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

ரப்பர் பேண்ட் மட்டும் நாலைந்தாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அறுந்துபோகும், இன்னொன்றைப் பேத்தி தலைமுடிக்குப் போட்டுக்கொள்வாள்.