மாரிக்கு முன் வீட்டைக் கதகதப்பாக்குதல்: ஓலை, சேலை, ஒரு மஞ்சள் மின்குமிழ்

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் முந்தின வருடம் புரட்டாசிக் கடைசியில் தன் வீட்டு முன்னறையைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். கம்பளிப் போர்வை, பின்னல் தலையணை உறை, புசுபுசுவென்று ஒரு தரை விரிப்பு, மூலையில் இரண்டு பூசணிக்காய். அங்கே இலையுதிர் காலம். பார்த்தாலே உள்ளே போய்ச் சுருண்டு படுக்கத் தோன்றியது. நான் இருப்பது கிளிநொச்சியில், வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டறை வீடு. சீமெந்துத் தரை, வெள்ளைச் சுவர். மழை பிடித்துவிட்டால் வெறுமையான சங்கக்கடைக் களஞ்சியம் மாதிரி இருக்கும். அதை மாற்றப் போய் முதல் மாரியில் கையைச் சுட்டுக்கொண்டேன். போன மாரியில்தான் சரிவந்தது.

மச்சாள் வீட்டை அப்படியே பார்த்து எழுதினால் இங்கே பலிக்காது. அங்கே குளிர் தொடங்கியதும் வீட்டுக்குள் வெப்பமூட்டி ஓடும், காற்று காய்ந்துவிடும், கம்பளி சுகமாக இருக்கும். கிளிநொச்சி இருக்கும் வன்னியோ உலர் வலயம். ஆண்டு மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைவுதான், ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. அந்த நாட்களில் காற்றே ஈரத்துணி. கம்பளி போர்த்தால் வேர்க்கும், கழுவினால் ஒரு கிழமைக்குக் காயாது. ஆகவே யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன்: ஒரே அறைக்குள் சொரசொரப்பு, மென்மை, வழுவழுப்பு மூன்றும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். எல்லாமே வழுவழுப்பாக இருப்பதுதான் என் வீட்டின் நோய்.

முதலில் வெளிச்சம்

ஒரு சதம் செலவழிக்கும் முன் கூரையில் இருக்கும் வெள்ளைக் குழல்விளக்கை அணைத்துப் பாருங்கள். மேலிருந்து கொட்டும் வெள்ளை ஒளியில் எந்த முடைச்சலும் தட்டையாகிவிடும். பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், 2700 அல்லது 3000 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் மஞ்சள் எல்இடி குமிழ் ஒன்று வைத்தால் ஓலையின் ஒவ்வொரு மேடும் நிழல் விழுத்தும். நான் பிட்டு அவிக்கிற ஓலை நீற்றுப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதற்குள் ஐந்து வாற்று எல்இடி தொங்கவிட்டிருக்கிறேன். சுவர் முழுக்கச் சிறுசிறு கட்டங்கள் விழுகின்றன. பழைய இழைக்குமிழை மட்டும் ஓலைக்குள் வைத்துவிடாதீர்கள், அதன் சூட்டுக்கு ஓலை பற்றிக்கொள்ளும்.

ஓலைப்பாய்: நான் விழுந்த இடம்

ஐப்பசி முதல் கிழமை சந்தையில் ஆறடிப் பனையோலைப் பாய் ஒன்று வாங்கி, அன்றைக்கே முன்னறையில் விரித்து, மேலே தடித்த விரிப்பு ஒன்றையும் போட்டேன். பார்வைக்கு அருமை. பதினைந்து நாள் கழித்துக் கதிரையை நகர்த்தியபோது பழங்கிணற்று மணம் வந்தது. பாயைத் தூக்கினால், முடைச்சலின் கட்டம் கட்டமாக மிளகு தூவினாற்போல் கறுப்புப் பூஞ்சணம். ஒரு மூலையில் கறையான் மண் வேறு.

இரண்டு பிழை விட்டிருந்தேன். ஓலையை நனைத்துப் பதப்படுத்தித்தான் இழைப்பார்கள். மழைக்காலத்தில் இழைத்த பாய் முழுதாகக் காயாமலே சந்தைக்கு வந்துவிடும். ஓரத்தை மடக்கிப் பாருங்கள், காய்ந்த ஓலை சரசரக்கும், ஈர ஓலை சத்தமில்லாமல் வளையும். ஆவணியிலேயே வாங்கி மூன்று வெயில் காட்டிவிடுவது உத்தமம்.

மற்றப் பிழை தரை. அடியில் ஈரத்தடுப்புப் படை போடாத சீமெந்து, திரி எண்ணெயை இழுப்பதுபோல நிலத்து நீரை மேலே இழுக்கும். உங்கள் தரை எப்படி என்று அறிய ஒரு வழி இருக்கிறது. இரண்டடிக்கு இரண்டடி பொலித்தீன் தாளை நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் ஒட்டு நாடாவால் தரையில் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் விட்டுவிட்டு உரியுங்கள். தாளின் அடிப்பக்கத்தில் துளி நின்றால், அல்லது அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தால், ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேற்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம்.

காற்றின் ஈரம் என்றால் பகலில் விரித்து இரவில் சுருட்டி நிமிர்த்தி வைத்தால் போதும். அம்மம்மா தன் படுக்கைப் பாயைக் காலையில் சுருட்டி மூலையில் நிறுத்துவதை வெறும் ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். பாய்க்கும் மூச்சு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நிலத்து ஈரம் என்றால் பாயைத் தரையில் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். என் தரை இந்த வகை. பாயைச் சுவருக்கு ஏற்றினேன். சுவரில் இரண்டு மரச்சட்டம் அறைந்து, அதன்மேல் தும்புக் கயிற்றால் கட்டினேன். பின்னால் ஒரு விரல் இடைவெளி, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். கறையானுக்கும் இலகுவில் ஏணி கிடைக்காது.

பூஞ்சணம் பிடித்த பாயை எறியவில்லை. வினாகிரியில் நனைத்துப் பிழிந்த துணியால் இழையோட்டத்தின் பக்கமாகத் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் நிறுத்தினேன். கறை போகவில்லை, மணம் போய்விட்டது. இப்போது கறைப்பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது.

சேலைப் போர்வை

கடையில் விற்கும் பொலியெஸ்டர் போர்வையை நான் வீட்டுக்குள் எடுப்பதில்லை. தொட்டால் மென்மை, போர்த்தினால் வேர்வை. அலுமாரியில் கிடக்கும் நூற்சேலை இரண்டு போதும். இரண்டையும் முதலில் கழுவிக் காயவையுங்கள். கழுவாத புதுச்சேலையைப் பழையதோடு சேர்த்தால், பிறகு கழுவும்போது ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல் போர்வை கோணலாகிவிடும். நாலாக மடித்து, இரண்டு விரல் இடைவெளியில் நேர்வரிசையாக ஓட்டத் தையல். தையல் இயந்திரம் வேண்டாம், கைத்தையல்தான் அந்த மெல்லிய சுருக்கத்தைத் தரும். சாக்குத் தைக்கிற பெரிய ஊசி எடுத்தால் சேலையில் ஓட்டை விழும். நீளமான சாதாரண ஊசி எடுங்கள்.

மிச்சம் சின்ன வேலைகள். ஓலைக் கடகத்துக்குள் போர்வையை வையுங்கள். சட்டி தாங்கும் வளையமான திருகணைமேல் மண்சட்டி. கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கிய சிட்டி விளக்குகளைப் பரணில் போடாமல் யன்னல் கட்டின்மேல் வரிசையாக விடுங்கள். நெற்கதிர்க் கொத்து வைக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். கனடாவில் ஒக்டோபரில் அறுவடைப் பண்டிகை, கதிர் புதிதாகக் கிடைக்கும். நாங்கள் அந்த மாதம் காலபோகத்துக்கு, அதாவது மாரி நெல்லுக்கு, விதைத்துக்கொண்டிருப்போம். பழைய கதிரை வைப்பது எலிக்கு அழைப்பிதழ்.

பிறகு சேர்த்தது

"பாய்க்கு அடியில் பொலித்தீன் விரித்தால் என்ன?" என்று இதை வாசித்த மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நிலத்து ஈரம் நிற்கும், உண்மைதான். ஆனால் காற்றிலிருந்து பாய் உறிஞ்சிய ஈரம் கீழே போக வழியில்லாமல் தங்கிவிடும். சின்னப்பிள்ளைகள் ஓடினால் வழுக்கவும் செய்யும்.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு அக்கா, சட்டத்தில் அறைந்த ஆணி ஒரே மாரியில் துருப்பிடித்துப் பாயில் செங்கறை இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது. பித்தளைத் திருகாணி வாங்குங்கள். பாயை ஆணியில் மாட்டாமல் கயிற்றால் மட்டும் கட்டுங்கள்.

இழுப்பு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர் வீட்டில் இருந்தால் துணிகளைக் குறைத்து ஓலையைக் கூட்டுங்கள். ஓலையை ஈரம் பிழிந்த துணியால் ஒரு நிமிடத்தில் தூசு துடைத்துவிடலாம். சேலைப் போர்வையைக் கழுவிக் காயவைக்க மார்கழியில் வெயில் பார்த்துத் தவம் இருக்க வேண்டும். என்னுடையது இப்போதும் விறாந்தைக் கொடியில்தான் தொங்குகிறது, இன்றோடு மூன்றாம் நாள்.